திரு. விட்கம் வெளியூர் போயிருக்கிறார்

டொலிடோ, ஒஹாயோ
7 மார்ச் 1977

தம்பி ஓசியா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரோட தூக்கி அடுப்புல போட்டுடாதே. மூணு வருஷமா நானும் எழுதலை, நீயும் எழுதலை. அக்கா சாகக் கிடக்கிறாளோன்னு பதறாதே, கல்லு மாதிரி இருக்கேன். படி ஏறும்போது முழங்கால்தான் கத்துது. நடந்த விஷயத்தை இங்கே யார்கிட்ட சொன்னாலும் பாதிதான் புரியும். உனக்கு முழுசாப் புரியும். அதனால ரோஷத்தைத் தூக்கி மூலையில வச்சுட்டு எழுதுறேன்.

போன மாசம் டெட்ராய்ட் போயிருந்தேன்டா. நம்ம வட்டாரத்துப் பெரிய கம்பெனிங்க, கார் பண்றவங்க, கண்ணாடி பண்றவங்க, ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு மன்றம் வச்சிருக்காங்க. நம்ம கறுப்பு ஜனங்க, மெக்ஸிகோக்காரங்க, பூர்வகுடிங்க, சீனாக்காரங்க நடத்துற சின்னக் கம்பெனிங்ககிட்ட சாமான் வாங்கணும், அதுக்கு வழி பண்ணிக்கொடுக்கணும்னு. ஒரு பெரிய ஹோட்டல் ஹால்ல நமக்கெல்லாம் ஆளுக்கொரு மேஜை போட்டுக் கொடுத்தாங்க. நாம உட்கார்ந்திருப்போம். வாங்குறவங்க நடந்து நம்மகிட்ட வருவாங்க. இதை ரெண்டு தடவை படி. அவங்க நம்மகிட்ட வருவாங்க, முன்வாசல் வழியா.

உள்ளே நுழைஞ்சவ அப்படியே நின்னுட்டேன். ஹால் முழுக்க நம்ம ஆளுங்க! டார்ப்ளின்னு ஒருத்தர், நம்ம ஆளு, போல்ட்டும் நட்டும் பண்றார், மேஜை மேல தங்கம் மாதிரி குவிச்சு வச்சிருக்கார். ஒரு பொம்பளை பெயிண்ட் காய்ச்சுறா. மிச்சிகன் வடக்குலேர்ந்து வந்த ஒரு பூர்வகுடி மனுஷர் காருக்குள்ள போற ஒயரைக் கட்டுக்கட்டா பின்னி வச்சிருக்கார். இந்தப் பக்கத்துல சொந்தமா மெஷின் வச்சிருக்கிற குடும்பம் நாம ஒண்ணுதான்னு நெனச்சே கிழவியாயிட்டேனேடா. இத்தனை பேரும் இத்தனை வருஷமா எங்கே ஒளிஞ்சிருந்தாங்க? பக்கத்து மேஜைக்காரி, வில்லரியால்னு பேரு, ஏட்ரியன்ல பட்டன் வைக்கிற கடை நடத்துறவ, 'அழாதீங்கம்மா, முதல் வருஷம் எல்லாரும் அழுவாங்க'ன்னு கைக்குட்டை கொடுத்தா.

கார் கம்பெனியில வாங்குற அதிகாரி ஸ்டெட்மன்னு ஒரு வெள்ளைக்காரர், நரைச்ச மீசை, நம்ம மேஜைக்கு வந்தார். சபைப் பாடகருங்களுக்கு நாம தைக்கிற கொயர் அங்கிகளோட, மாதிரிக்கு ரெண்டு ஓவரால், கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் மூடுற வேலை உடுப்பு, தச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன். தொழிலாளிங்களுக்கு ஓவரால் மலையாட்டம் வேணும்னு மன்றத்துல முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நம்ம கடை டெல்ஃபின்தான் துணி வெட்டினா. பழக்கதோஷம், கொயர் அங்கிக்கு அக்குள்ல ஒரு சின்னத் துணித்துண்டு வச்சுத் தைப்போமே, அதை ஓவராலுக்கும் வச்சுட்டா! கம்பெனி கொடுத்த அளவுல அப்படி ஒரு துண்டே கிடையாது. ஸ்டெட்மன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு, 'இது எதுக்கும்மா?'ன்னார். 'ஸ்தோத்திரம்னு ரெண்டு கையையும் தூக்கினா உடுப்பு மேல ஏறக்கூடாது ஐயா, அதுக்குத்தான்'ன்னேன். அவர் சிரிக்கலை. 'ஒரு நாள் பேக்டரிக்கு வாங்க'ன்னார்.

போனேன். கார் ஒவ்வொண்ணும் தலைக்கு மேல தொங்கிக்கிட்டு வருது. அதுக்கு அடியில ஆம்பளைங்க நிக்கிறாங்க, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும், அத்தனை பேரும் ரெண்டு கையையும் மேலே தூக்கிக்கிட்டு. கார் நகர்ந்ததும் அத்தனை பேரும் குனிஞ்சு, மேல ஏறின உடுப்பைக் கீழே இழுத்து விட்டுக்கறாங்க. திரும்பவும் கையைத் தூக்கறாங்க. நாள் முழுக்க இதேதான். நான் வாயைப் பொத்திக்கிட்டேன். இவ்வளவு பெரிய கொயரை நான் எந்தச் சபையிலயும் பார்த்ததில்லைடா, பாட்டு ஒண்ணுதான் இல்லை. நம்ம டெல்ஃபின் வச்ச துண்டு இவங்க அத்தனை பேரோட அக்குளுக்கும் போகப்போகுதுடா.

ஆனா முதல்ல மன்றத்துலேர்ந்து ஆள் வந்து கடையைப் பார்க்கணும். கடை உண்மையிலேயே நம்மளோடதுன்னு சான்றிதழ் கொடுக்கணும். கொடுத்தா ஆர்டர். இல்லைன்னா இந்த ஈஸ்டர் அங்கிகளைத் தச்சு முடிச்சதும் மெஷின்களைத் துணி போட்டு மூட வேண்டியதுதான். சபைங்க எல்லாம் இப்போ கேட்டலாக் பார்த்து மலிவா வாங்கிடறாங்க. பதினொரு பொம்பளைங்க என் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்காங்க.

அவ்வளவுதான். பதில் போடணும்னா போடு.

உன் அக்கா,
லூவீனியா

*

மேக்கன், ஜார்ஜியா
15 மார்ச் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. இங்கே எங்கள் சவ அடக்க நிலையத்தில் மின்சார அடுப்புதான்.

நான் சுகம். காலையில் சவ வண்டி ஓட்டுகிறேன், மதியம் சபையில் நின்று இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கிறேன். என் குரலில் கேட்டால் பாவிகூடப் பரிசுத்தவானாகத் தெரிகிறான் என்று எங்கள் முதலாளி சொல்கிறார். உயிரோடு இருக்கிறவர்கள் என் குரலைப் பாராட்டி எத்தனையோ காலமாகிறது.

என்னைப் பற்றி இருக்கட்டும். திரு. விட்கம் சௌக்கியமா? 'விட்கம் அண்ட் சன்ஸ், பாடகர் அங்கிகள்' என்று பலகையில் இருக்கிறாரே, அவரைக் கேட்கிறேன். அப்பா ஒரு மாவு மூட்டையிலிருந்து பேரை எடுத்து, பழைய துணிக்கடையிலிருந்து தொப்பியை எடுத்து, பத்தொன்பது வயதுப் பையனாயிருந்த என் தொண்டையிலிருந்து குரலை எடுத்து உண்டாக்கிய வெள்ளைக்காரர். கறுப்பன் கேட்டால் துணி தராத மில்காரன், விட்கம் போன் செய்தால் அன்றைக்கே அனுப்பினான். நேரில் பார்க்க வந்தவர்களிடம் 'திரு. விட்கம் வெளியூர் போயிருக்கிறார், ரெண்டு நாளில் வருவார்' என்று முப்பது வருஷம் சொன்னோம். எவ்வளவு சுறுசுறுப்பான மனுஷர்! ஒரு நாள்கூடக் கடையில் இருந்ததில்லை.

மூன்று வருஷம் முன்பு நான் பெயிண்ட் டப்பாவோடு ஏணியில் ஏறினேன், நினைவிருக்கிறதா? அந்தப் பேரை அழித்துவிட்டு மேப்ரி என்று நம் பேரை எழுத. நீ ஏணியை ஆட்டினாய். 'இறங்குடா, மில்காரன் துணியை நிறுத்திடுவான்' என்று தெருவே கேட்கக் கத்தினாய். இனி செத்தாலும் அந்த ஆளாகப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினேன். இப்போது மன்றம் வந்து, 'இது யாருடைய கடை?' என்று கேட்கப் போகிறது. என்ன சொல்லப் போகிறாய், அக்கா?

கேட்க ஆசையாக இருக்கிறது. உண்மையாகவே அவ்வளவு பேரும் கையைத் தூக்கிக்கொண்டா நிற்கிறார்கள்?

ஓசியா

*

டொலிடோ
28 மார்ச் 1977

ஓசியா,

உன் வாயில சர்க்கரையைக் கொட்டணும்டா. நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு.

மன்றத்து ஆள் வியாழக்கிழமை வர்றதாச் சொன்னவர் புதன்கிழமையே வந்துட்டார். நான் பாஸ்டர் வீட்டுக்கு அங்கி அளவு பார்க்கப் போயிருந்தேன். ஃபைசன்னு பேரு, நம்ம ஆளுதான், சின்னப் பிள்ளை, தலை நிறைய முடி, கழுத்துல டை, கையில பைல். டெல்ஃபின் கதவைத் திறந்தா. டையையும் பைலையும் பார்த்தாளோ இல்லையோ, முப்பது வருஷப் பழக்கம், மில்காரன்தான்னு நெனச்சுட்டா. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'திரு. விட்கம் வெளியூர் போயிருக்கார்'ன்னா.

அதோட விட்டாளுகளா? உள்ளே பத்து பேரும் மெஷின்லேர்ந்து தலையைக்கூட நிமிர்த்தாம, சபையில ஆமென் சொல்றாப்ல, 'ரெண்டு நாள்ல வருவார்'னாளுக!

அந்தப் பிள்ளை, 'அவர் அறையைப் பார்க்கலாமா?'ன்னு கேட்டிருக்கு. இவ கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கா. நாற்காலி, மேஜை, ஆணியில அந்தச் சாம்பல் தொப்பி. 'திங்கக்கிழமை தவறாம நான்தான் தூசி தட்டி வைக்கிறேன்'னு பெருமை வேற. நான் திரும்பி வந்தப்போ அந்தப் பிள்ளை தொப்பியைப் பார்த்து எழுதிக்கிட்டு நிக்குது.

நான் சொன்னேன், 'தம்பி, அப்படி ஒரு ஆளே கிடையாது. எங்க அப்பா உண்டாக்கினது. கடை என்னோடது, பத்திரம் என் பேர்ல இருக்கு'ன்னு. அது என்னைப் பார்த்த பார்வை இருக்கே! கோபம் இல்லைடா, பரிதாபம். குரலைத் தாழ்த்தி, 'அம்மா, உங்களை யாராவது மிரட்டுறாங்களா?'ன்னு கேட்டுச்சு. வெள்ளைக்காரன் எவனோ ஆர்டர் பிடிக்கிறதுக்காக என்னை முன்னால உட்கார வச்சிருக்கானாம். நான் பினாமியாம்! என் கடைக்கு நானே பினாமி! அப்படி எத்தனையோ பேர் ஏமாத்துறாங்களாம், அதைப் பிடிக்கிறதுதான் அந்தப் பிள்ளையோட வேலை. அதையும் தப்புன்னு சொல்ல முடியலை.

டெல்ஃபின் ரெண்டு நாளாச் சாப்பிடலை. 'என் நாக்கை அறுக்கணும்'னு அழுறா. இல்லாத ஆளை இருக்கார்னு நம்ப வைக்க நாம பட்ட பாடு கொஞ்சமா? இப்போ அவர் இல்லைன்னு சொன்னா ஒரு ஜென்மமும் நம்ப மாட்டேங்குது. மில்லுல எல்லாம் அவர் கையெழுத்துப் போட்ட கடிதாசி இருக்கு. அவரோட பேசினவங்க இருக்காங்க.

ஏப்ரல் 14-ஆம் தேதி மன்றத்துல ஒரு குழு கூடுது. நான் போய்ச் சொல்லணும். நீ வாடா. வந்து அந்தக் குரல்ல ஒரே ஒரு தடவை பேசு. அந்த ஆள் நீதான்னு காதால கேட்டா நம்பித்தானே ஆகணும்? ஏணியை ஆட்டினது நான்தான், பலகையில நீ கேட்டது நியாயம்தான். இதுக்கு மேல என்னால கீழே இறங்க முடியாது, முழங்கால் வலிக்குது.

லூவீனியா

*

மேக்கன்
4 ஏப்ரல் 1977

அக்கா,

படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்து அறையில் ஒரு விதவை உட்கார்ந்திருந்தாள், முதலாளி வந்து அதட்டினார். டெல்ஃபினைச் சாப்பிடச் சொல். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் நான் வரமாட்டேன்.

பிடிவாதம் என்று நினைப்பாய். ஒரு விஷயத்தை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. விட்கம் போனில் பேசும்போது நீ வெளியே துணி வெட்டிக்கொண்டிருப்பாய், கதவு சாத்தியிருக்கும். கேட்ட துணி வந்துவிட்டது என்றுதான் உனக்குத் தெரியும். அந்த மில்காரர்களுக்கு விட்கம் தங்கள் ஆள். ஆர்டர் முடிந்ததும் சாவகாசமாகப் பேசுவார்கள். நம்மைப் பற்றி ஜோக் சொல்வார்கள், அக்கா. நம் ஜனங்களைப் பற்றி, நம் பெண்களைப் பற்றி. ஒருவன் வாரம் தவறாமல் புதிதாக ஒன்று வைத்திருப்பான். விட்கம் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவான். நான் சிரிப்பேன். அந்தப் பக்கம் அவன் சிரிப்பான், இந்தப் பக்கம் நான் சிரிப்பேன், கதவுக்கு வெளியே உன் கத்தரிக்கோல் சத்தம் கேட்கும்.

அதனால்தான் அன்றைக்குப் பெயிண்ட் வாங்கினேன். பலகைக்காக இல்லை. அந்த வாரம் அவன் சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருமுவதுபோல் சமாளித்துவிட்டுப் போனை வைத்தேன். இனி வராது என்று தெரிந்தது.

அந்தக் குரலை இன்னொரு கூட்டத்துக்கு முன்னால் எடுத்துக் காட்ட என்னால் ஆகாது. மன்னித்துக்கொள். இங்கே அலுவலக போன் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். யாராவது செத்தால் மட்டும் கூப்பிடு.

ஓசியா

*

டொலிடோ
8 ஏப்ரல் 1977
பெரிய வெள்ளி

தம்பி,

அந்தக் கத்தரிக்கோல் என் கையிலதான் இருந்துச்சு. ஒரு நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கலாமே நான். நீ உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டு, 'ஆளு குஷியா இருக்கான், துணி வந்துடும்'னு டெல்ஃபின்கிட்ட சொல்லியிருக்கேன்டா.

நீ வர வேண்டாம். பேசவும் வேண்டாம். நான் போய் என்னால முடிஞ்சதைச் சொல்றேன். கிடைச்சாக் கிடைக்கட்டும். கிடைக்கலைன்னா கடையை மூடிட்டு டெல்ஃபினும் நானும் யார் வீட்லயாவது திரைச்சீலை தச்சுக் கொடுக்கிறோம். இனிமே உன்னை இதைப் பத்திக் கேட்கவே மாட்டேன்.

ஈஸ்டருக்கு அங்கி எல்லாம் போயாச்சு. நல்லா வந்திருக்கு. ஊதாக் கலர்.

அக்கா

*

மேக்கன்
14 ஏப்ரல் 1977

லூவீனியா,

கேட்கமாட்டேன் என்று எழுதினாய். இன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. அலுவலகத்தில் செத்தவரின் பிள்ளைகள் மூன்று பேர் பெட்டி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். டொலிடோவிலிருந்து என்று முதலாளி போனை நீட்டியதும், நீதான் போய்விட்டாய் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஒரு இளைஞனின் குரல். 'மன்றத்திலிருந்து ஃபைசன் பேசுகிறேன். நீங்கள் பேசுவதைக் குழுவில் எல்லோரும் கேட்கிறார்கள். திரு. விட்கமை உங்களுக்குத் தெரியுமா?' என்றது.

வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உன் போன கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கதவைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று எழுதியிருந்தாயே. முப்பது வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதனால் பேசினேன். செத்தவரின் பிள்ளைகள் முன்னால், முதலாளி முன்னால், விட்கமின் குரலில், 'நான் விட்கம் பேசுகிறேன், ஐயா. மில் பக்கம் வந்திருக்கிறேன். ரெண்டு நாளில் திரும்பிவிடுவேன்' என்றேன். துரு கொஞ்சமும் ஏறவில்லை, அக்கா, அது என்னையே பயமுறுத்தியது. அப்புறம் என் குரலில், 'அந்த ஆளு நான்தாங்க. ஓசியா மேப்ரி. அவரு எப்பவுமே இருந்ததில்லை. கடை எங்க அக்காவோடது' என்றேன்.

உடனே சிரித்தார்கள்.

அறை முழுக்கச் சிரித்தார்கள். யாரோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மில்காரர்களோடு முப்பது வருஷம் கேட்ட சிரிப்பு போதாதென்று இதுவுமா? வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப மணி அடித்தது. எடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

இனிமேல் எனக்கு எழுதாதே.

*

டொலிடோ
15 ஏப்ரல் 1977

அட முட்டாப் பயலே!

போனை வச்சுட்டியே, எட்டு தடவை அடிச்சோமேடா! இந்தக் கடிதாசியை மட்டும் நீ கிழிச்சேன்னா நானே பஸ் ஏறி வந்து உன் காதைத் திருகுவேன். உட்கார். உட்கார்ந்து படி.

நம்பரை நான் கொடுக்கலை, சத்தியமா. கூட வந்த டெல்ஃபின் கொடுத்துட்டா. உன் கடிதாசியை நான் மேஜையில வச்சிருந்தப்போ பார்த்து எழுதி வச்சிருக்கா. 'யாராவது செத்தா மட்டும் கூப்பிடச் சொன்னான்டி'ன்னு அதட்டினேன். 'கடை சாகப் போகுதுல்ல, அது போதாதா?'ன்னா.

குழுவுல நாலு பேர். ரெண்டு பேர் பெரிய கம்பெனி ஆளுங்க, அதுல ஒருத்தர் நம்ம ஸ்டெட்மன். மத்த ரெண்டு பேர் கடைக்காரங்க, போல்ட் பண்ற டார்ப்ளியும் பட்டன் வைக்கிற வில்லரியாலும். ஃபைசன் ஒரு பக்கம் பைலோட உட்கார்ந்திருந்தார். மேஜை நடுவுல, நான் கடையிலேர்ந்து எடுத்துட்டுப் போன அந்தத் தொப்பி. நான் சொன்னதை எல்லாம் கேட்டாங்க, யார் முகமும் அசையலை. எனக்கே என் கதை பொய் மாதிரி கேட்டுச்சு. அப்போதான் போன் போட்டாங்க. சத்தம் வெளியே கேட்கிற ஒரு பெட்டி.

நீ பேசினே. விட்கம் பேசினார்.

ஐயோ ஓசியா! முப்பது வருஷம் கதவுக்கு வெளியிலேர்ந்து கேட்ட எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஃபைசன் பேனாவைக் கீழே போட்டுட்டார். எல்லாரும் தொப்பியைப் பார்க்கறாங்க, என்னவோ அதுதான் பேசுற மாதிரி. அப்புறம் உன் சொந்தக் குரல் வந்துச்சு, 'கடை எங்க அக்காவோடது'ன்னு.

சிரிச்சது யாரு தெரியுமா? டார்ப்ளி. மேஜையைத் தட்டித் தட்டி, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட. அப்படியே எழுந்து நின்னு, 'எங்க கடையில அவர் பேரு ப்ரெஸ்காட்!'ன்னு கத்தினார். வில்லரியால் கைக்குட்டையால மூஞ்சை மூடிக்கிட்டு, 'எங்க வீட்ல திரு. ஹென்லி. என் புருஷன் பேசுவார், பேசிட்டு வந்து ரெண்டு நாள் யார்கூடவும் பேச மாட்டார்'னு சிரிக்கறாளா அழறாளா தெரியலை. ஃபைசன் இருக்காரே, பினாமி பிடிக்க வந்த பிள்ளை, அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'எங்க தாத்தா பலசரக்குக் கடை வச்சிருந்தார். சின்ன வயசுல அங்கே ஒரு தொப்பி தொங்கும். யாருதுன்னு கேட்டா அடிப்பாங்க'ன்னுச்சு. உன்னைப் பார்த்துச் சிரிக்கலைடா. அவங்கவங்க தொப்பியைப் பார்த்துச் சிரிச்சாங்க. அதுக்குள்ள நீ போனை வச்சுட்டே.

டார்ப்ளி, வில்லரியால், ஃபைசன், நான், நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அன்னிக்கு அந்த ஹால்ல நான் கேட்டேனே, இத்தனை பேரும் எங்கே ஒளிஞ்சிருந்தாங்கன்னு. எங்கேன்னு இப்போ தெரிஞ்சுச்சு. ஊர் ஊரா, கடை கடையா, இல்லாத வெள்ளைக்காரங்க பின்னால. எத்தனை தொப்பி தொங்கியிருக்கும், எத்தனை பிள்ளைங்க தொண்டை மாறியிருக்கும்!

இன்னும் கேளு. ஸ்டெட்மன் மட்டும் சிரிக்கலை. மூஞ்சு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. 'இருபத்தஞ்சு வருஷமா போன்ல சாமான் வாங்குறேன். அப்போ நான் பேசினதெல்லாம் யார்கிட்ட?'ன்னார், யாரையும் பார்க்காம. டார்ப்ளி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'போல்ட்டுன்னா என்கிட்டதான் ஐயா. ப்ரெஸ்காட்டோட தாய் செத்தப்போ நீங்க பூ அனுப்பினீங்க. எங்கம்மா சமாதியிலதான் வச்சேன்'னார். ஸ்டெட்மன் எழுந்துவந்து டார்ப்ளி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். எனக்கு நீ எழுதின ஜோக்குங்க ஞாபகம் வந்துச்சு. அவருக்கும் அவர் பேசினது ஏதாவது ஞாபகம் வந்திருக்கும்.

சான்றிதழ் கொடுத்துட்டாங்கடா! நாலு பேரும் கை தூக்கினாங்க.

ஆர்டர் நம்ம பத்து மெஷினுக்குத் தாங்காது. மன்றத்துல அதுக்கும் வழி சொன்னாங்க. நாம வெட்டித் தைக்கிறோம், வில்லரியால் பட்டன் வைக்கிறா, டெட்ராய்ட்ல ஒரு சலவைக்காரர் கழுவி மடிச்சுக் கொடுக்கிறார். மூணு கடைக்கு ஒரு ஆர்டர். அக்குள் துண்டு கட்டாயம் வேணும்னு ஸ்டெட்மன் எழுதியே கொடுத்துட்டார். டெல்ஃபின் அந்தக் காகிதத்தை பைபிளுக்குள்ள வச்சிருக்கா.

தொப்பியைப் பார்சல்ல அனுப்பியிருக்கேன். இங்கே யாருக்கும் அதைத் தூக்கிப்போட மனசு வரலை, தொங்கவிடவும் மனசு வரலை. சவ அடக்கம் உன் தொழில்தானே, நீயே பார்த்துக்கோ. பலகையை இறக்கிட்டேன். வெறும் கட்டை சுவத்துல சாய்ஞ்சு நிக்குது. போன் அடிச்சா எடுக்கப் பயமா இருக்கு. வாயில 'விட்கம் அண்ட் சன்ஸ்'தான் வருது, பாதியில முழுங்கிக்கிறேன். இன்னிக்குக் காலையில ஸ்டெட்மன் கூப்பிட்டப்போ 'ஹலோ'ன்னு மட்டும் சொல்லிட்டு ஊமை மாதிரி நின்னேன்.

வந்துடுடா.

அக்கா

*

மேக்கன்
25 ஏப்ரல் 1977

அன்புள்ள அக்கா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதைக் கிழித்துவிடு. உன்னுடையதை நான் சவ வண்டியில் உட்கார்ந்து படித்தேன். கல்லறையில் ஆட்கள் காத்திருந்தார்கள், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ப்ரெஸ்காட், ஹென்லி, ஃபைசனின் தாத்தா கடைத் தொப்பி. பேர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் டெட்ராய்டில் டார்ப்ளி, ஏட்ரியனில் வில்லரியாலின் புருஷன், எல்லோரும் அதே நேரத்தில் அதே மாதிரி. டார்ப்ளியிடம் நான் பேச வேண்டும். ப்ரெஸ்காட் எப்படிச் சிரிப்பார் என்று கேட்க வேண்டும்.

தொப்பி நேற்று வந்தது. பெட்டியைப் பிரித்ததும் கடை வாசனை வந்தது, டெல்ஃபினின் தூசித் துணி வாசனை. முதலாளியிடம் கதையைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார், வெல்வெட் போட்டது. காசு வாங்க மாட்டேன் என்றார். அவருடைய நிலையத்தின் பலகையில் இருப்பது உண்மையில் யார் பேர் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவை அவர் பிறந்த ஊரான இங்கேதானே கொண்டுவந்து புதைத்தோம், இன்று காலையில் அவர் கல்லறைக்குப் பக்கத்தில் தொப்பியை அடக்கம் செய்தோம். நானும் முதலாளியும் குழிவெட்டுகிறவரும். முறைப்படி வாழ்க்கைக் குறிப்பு வாசித்தேன், என் சொந்தக் குரலில். உனக்குப் பிரதி எடுத்து எழுதுகிறேன், டெல்ஃபினுக்கும் படித்துக் காட்டு:

'டொலிடோ நகரத்து வியாபாரி திரு. விட்கம் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரு நாளும் நோயில் படுத்ததில்லை. ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. தன் கடைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. சொல்லப்பட்ட எல்லா ஜோக்குகளுக்கும் சிரித்தார். அவர் தயவில் இருபது சபைகளின் பாடகர்கள் ஊதாவிலும் வெள்ளையிலும் நின்று கையைத் தூக்கித் துதித்தார்கள், அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ரெண்டு நாளில் வருவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். வர முடியாததற்குக் குடும்பத்தார் வருந்துகிறார்கள். அவருக்குப் பின் இருப்பவர்கள்: கடையின் சொந்தக்காரி லூவீனியா மேப்ரி, துணி வெட்டும் டெல்ஃபின், மெஷினில் பத்துப் பெண்கள், மற்றும் ஒரு தம்பி.'

குழிவெட்டுகிறவர் ஆமென் சொன்னார். கடைசி வார்த்தையை நான் இரண்டு தடவை வாசித்தேன். முதலாளி அதைக் கவனித்தார். சம்பளத்தைக் கொடுத்து, 'ஊருக்குப் போய்ச் சேருப்பா' என்றார்.

அந்தப் பலகையைத் தொடாதே. பெயிண்ட் நான் வாங்கி வருகிறேன். நீ எழுது, நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். ஆட்டமாட்டேன், பயப்படாதே. வந்ததும் அந்தப் பேக்டரியை எனக்குக் காட்ட வேண்டும், கைகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் நிற்கிறார்கள் என்றாயே, அதை நான் பார்க்க வேண்டும்.

போனை எடுக்கப் பயப்படாதே. இந்தக் கடிதம் வரும்போது நான் பஸ்ஸில் இருப்பேன். அதற்குள் ஸ்டெட்மனோ வேறு யாரோ கூப்பிட்டால் உனக்கு நன்றாகப் பழகிய பதிலையே சொல். ஓசியா மேப்ரி வெளியூர் போயிருக்கிறான், ரெண்டு நாளில் வருவான் என்று சொல். இந்தத் தடவை அது நிஜம்.

உன் தம்பி,
ஓசியா